வலையை எடுத்த மாசித் திருவிழா

வேலி போடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கம்பத்தை எவ்வளவு ஆழம் நடுவது, எந்தக் கயிறு தாங்கும், எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. போட்ட வேலியை எப்போது பிடுங்க வேண்டும் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓவர்சியர் வேலையில் குப்பை கொட்டியவன் நான். கட்டிய பாலங்களையும் சத்திரங்களையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கும் கொஞ்சம் கூச்சம், பாதி இப்போது இடிந்து கிடக்கிறது. அதனால் இன்னொருவர் ஒரு வேலியைப் பிடுங்கிய கதையைச் சொல்கிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னிடமிருந்து ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்வதானால் இது போதும்.

அவர் அப்போது திருச்செந்தூரில் டிப்டி தாசில்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. பாளையங்கோட்டை ஜவுளிக்கடைக்காரர் மகன். ஒல்லியான ஆள், எந்நேரமும் பொடி போடுவார், யார் எதைச் சொன்னாலும் "அதெப்படி வே?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே குமாஸ்தாக்கள் அவர் அறைப் பக்கம் போக மாட்டார்கள். நானும் மூன்று வாரம் அவரைக் கரித்துக் கொட்டியவன்தான்.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. திருச்செந்தூருக்கு ரயில் வராத காலம். ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் ஏரல் வழியாக வருவார்கள். வந்ததும் முதல் காரியம் கடலில் முழுக்கு. அந்த வருஷம் தைப்பூசத்தன்று முழுக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் காலைச் சுறா கடித்துவிட்டது. ஆள் பிழைத்தார், கால் போய்விட்டது. அடுத்தது மாசித் திருவிழா. அதற்குள் குளிக்கும் இடத்துக்கு ஏதாவது பாதுகாப்புச் செய்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்த வேலைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள்.

என்னை ஏன் அனுப்பினார்கள் என்றால், நான் முதலை வேலியில் பேர் வாங்கியவன். எனக்குச் சொந்த ஊர் முக்கூடல். அப்போது தாமிரபரணியில் முதலை உண்டு. ஒரு படித்துறையில் முதலை கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போனதும், தண்ணீரில் பனங்கட்டைகளை நெருக்கமாக நட்டு, மூங்கில் வைத்துக் கட்டி, குளிக்கிற இடத்தைச் சுற்றி அடைத்துக் கொடுத்தேன். பெண்பிள்ளைகள் பயமில்லாமல் குளித்தார்கள். அதே மாதிரி கடலிலும் செய்து விடு என்றார்கள். அலையில் கட்டை நிற்காது என்பது எனக்கே தெரிந்ததால், கனத்த சணல் கயிற்றில் பெரிய கண் வைத்து வலை முடையச் சொன்னேன். பக்கத்துப் பரதவர் ஊரில் மிக்கேல் என்று ஒரு கட்டுமரக்காரர். அவரும் அவர் ஆட்களும் முடைந்து கொடுத்தார்கள். மேலே மிதப்புக் கட்டை, கீழே கல். குளிக்கும் இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் வலை, நான்காவது பக்கம் கரை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

திருவிழாக் கொடி ஏறியது. தினமும் காலையில் வலையைப் பார்க்கப் போனால் அதில் ஆமை மாட்டிச் செத்துக் கிடக்கும். திருக்கை கிடக்கும். கைக்கு எட்டியதை எடுத்துப் போடுவோம், ஆழத்தில் இருப்பதை விட்டுவிடுவோம். மூன்றாம் நாளிலிருந்து வலைக்கு வெளியே சுறாவின் முதுகுச் செட்டை தெரிய ஆரம்பித்தது. முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு மூன்று. கரையில் நின்ற ஜனங்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "ஏயப்பா, எத்தனை சுறாவைத் தடுத்து நிறுத்துது பாரு!" என்று என் வலைக்கு ஒரே புகழ். சுறா கூடக் கூட வலையின் மதிப்பும் கூடியது. நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

டிப்டி தாசில்தார் ஒரு நாள் கரைக்கு வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அந்தச் செட்டைகளையே பார்த்தார்.

"வே, வலை போடுததுக்கு முந்தி நீரு இங்கன வந்து அளவெடுத்தீரே, அப்ப எத்தனை சுறாவைப் பாத்தீரு?"

"ஒண்ணும் பாக்கலை, ஐயா."

"இப்ப?"

"தினம் வருது. நம்ம வலை தடுத்து நிறுத்துதுல்லா?"

"அதெப்படி வே? காவக்காரனைப் போட்ட பொறவு திருடன் தினம் வாரான்னா, காவக்காரன் வீட்டுல என்னத்தை வச்சிருக்கான்னு பாக்கணும்லா?"

எனக்குக் கோபம் வந்தது. ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளைக்கு வலையைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் முணுமுணுத்தேன். ஆனால் அவர் சொன்னது அன்று முழுக்க என்னை அரித்தது. ஆற்றில் செத்தது எதுவும் செத்த இடத்தில் நிற்காது. முக்கூடலில் விட்டால் ஏரலைத் தாண்டிப் போய்விடும். நான் அப்படிப்பட்ட தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவன். கடல் கொண்டுபோவதைத் திருப்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் போடும், அந்த வாடைக்குச் சுறா வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பனங்கட்டையில் எதுவும் மாட்டிச் சாகாது. வலை என்பதோ பிடிப்பதற்கென்றே மனுஷன் செய்த சாமான். அதை வேலி என்று நினைத்தது ஆற்றுக்காரன் புத்தி. இதையெல்லாம் இப்போது விளக்கமாகச் சொல்கிறேன். அப்போது எனக்குக் கண்ணை மறைத்தது அந்தப் புகழ்தான்.

தேரோட்டத்துக்கு முந்தின நாள் காலையில் மிக்கேல் ஓடி வந்து கூப்பிட்டார். டிப்டி தாசில்தாரும் நானும் ஒரு கான்ஸ்டபிளும் அவருடைய வள்ளத்தில் ஏறிப் போனோம். வலையில் ஓங்கில் குட்டி ஒன்று மாட்டியிருந்தது. ஓங்கிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இங்கிலீஷில் டால்பின் என்பார்கள், மீன் மாதிரி இருக்கும், ஆனால் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். கயிறு வாலைச் சுற்றிக்கொண்டதால் குட்டியால் சரியாக மேலே வர முடியவில்லை. தாய் வலைக்கு வெளியே சுற்றிச் சுற்றி வந்து மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது. மிக்கேல் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தார். கான்ஸ்டபிள், "சர்க்கார் வலை, அறுக்கப்படாது" என்று தடுத்தார்.

டிப்டி தாசில்தாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் ஏறியதிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டார். அந்த நிலையிலும் எழுந்து மிக்கேல் கையிலிருந்து கத்தியை வாங்கினார்.

"அதுக்கு மூச்சு முட்டுதுவே. சர்க்காருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்று குனிந்து அறுத்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். குட்டி விடுபட்டு, வலையில் விழுந்த ஓட்டை வழியாகத் தாயிடம் போய்ச் சேர்ந்தது. அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் அவர் ஆபீசில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

குனிந்தவர் நிமிரவில்லை. தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு ஆமை மாட்டிக் கிடந்தது, பாதி உடம்பு கடித்து எடுக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் வலை கிழிந்திருந்தது. அவர் கையை நீட்டிக் கரைப் பக்கம் காட்டினார். வலைக்கு உள்ளே, ஜனங்கள் குளிக்கும் பக்கத்தில், ஒரு சுறா வலையை ஒட்டியே போய்க்கொண்டிருந்தது. மூலைக்குப் போகும், திரும்பும், மறு மூலைக்குப் போகும். உள்ளே வந்ததற்கு வெளியே போக வழி தெரியவில்லை. அந்த நேரம் வெயில் ஏறிவிட்டதால் குளிப்பவர்கள் அதிகமில்லை, கரையோரம் கொஞ்சம் பேர்தான். கூட வந்திருந்த மிக்கேல் ஆட்களின் கட்டுமரம் ஒன்றில் கான்ஸ்டபிளைக் கரைக்கு அனுப்பி, அவர்களைப் பதற்றப்படுத்தாமல் பைய மேலே ஏற்றச் சொன்னார்.

மிக்கேல் ஆட்கள் அந்தச் சுறாவை ஈட்டியால் குத்திவிடலாம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவர் விடவில்லை. "நாளைக்குத் தேரு. இன்னைக்கு இங்கன ரத்தம் விழலாமாவே? வாசலைத் தொறந்து விடுங்க, அது போயிரும்" என்றார். ஒரு பக்கத்து வலையைச் சுருட்டினார்கள். சுறா கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு வெளியே போய்விட்டது.

நான் சொன்னேன்: "ஐயா, சாயந்தரத்துக்குள்ள கிழிசலைத் தச்சிரலாம். ஆள் இருக்கு."

"தச்சு?"

"நாளைக்கு ஜனங்க பாதுகாப்பாக் குளிக்கலாம்."

"உமக்கென்ன கோட்டியா? சுறாவை உள்ள வச்சு அடைச்சிருக்கோம்வே. இந்தச் சவத்தை முழுசா எடுத்துப் போடும்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி அவர் நிலைமையைச் சொல்ல வேண்டும். தாசில்தார் பதவி அந்த வருஷம் அவருக்கு வர வேண்டியது. மூத்த மகளுக்கு வரன் முடிவாகிற சமயம், மாப்பிள்ளை வீட்டார் 'தாசில்தார் சம்பந்தம்' என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வலையை வைத்திருந்து யாரையாவது சுறா கடித்தால், போட்டது மேலிடம், கட்டியது நான். அவர் தலைக்கு ஒன்றும் வராது. எடுத்தபின் ஒருவரைக் கடித்தால் அவர் கதை அதோடு முடிந்தது. உத்தரவு கேட்டு ஆள் அனுப்பினால் பதில் வருவதற்குள் தேர் ஓடி நிலைக்கு வந்திருக்கும். இதை நான் அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதாவே?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொடி டப்பியைத் தேடினார்.

வலை கரைக்கு வந்தது. அதற்குப் பதில் அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. மிக்கேலும் மற்றவர்களும் கட்டுமரங்களை அலைக்கு வெளியே வரிசையாக நிறுத்தி, மரத்துக்கு ஒருவர் எழுந்து நின்று தண்ணீரைப் பார்க்க வேண்டும். எதையாவது கண்டால் சத்தம் கொடுத்துச் சிவப்புத் துணியைத் தூக்க வேண்டும். மார்பளவு ஆழத்தில் ஒரு கயிறு, அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது. திருவிழா முடியும்வரை மீன் குடலைப் பக்கத்தில் கடலில் கொட்டக் கூடாது. பரதவர் ஊரில் பேசி, தெற்கே தள்ளி மணலில் குழி தோண்டிப் புதைக்கச் சம்மதம் வாங்கினார். எல்லாம் சரி, ஒன்றுதான் இடித்தது. இருட்டில் தண்ணீருக்குள் இருப்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. திருவிழா ஜனமோ விடியுமுன் முழுக்குப் போடுகிற ஜனம்.

தேரோட்டத்தன்று விடிவதற்கு முன்பே கடற்கரை நிறைந்துவிட்டது. வலையை எடுத்த செய்தி அதற்குள் எல்லோருக்கும் எட்டியிருந்தது. முன்வரிசையில் முக்கூடல் கூட்டம். அதற்குத் தலைமை என் தாய்மாமன். ஊரில் நிலபுலன் உள்ளவர், வெண்கலக் குரல்.

"மருமவனே, ஒம்ம வலை எங்க வே?" என்று என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "எங்களைச் சுறாவுக்குத் திங்கக் குடுக்கவா கூட்டியாந்தீரு?"

பின்னாலிருந்து ஒரே கூச்சல். சிலர் வலையைப் போடு என்றார்கள். சிலர் வலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், முருகன் பார்த்துக்கொள்வான் என்று வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். எங்களிடம் இருந்த போலீஸ் அந்தக் கூட்டத்துக்குக் காணாது. தடியை ஓங்கினால் மிதிபட்டே பத்துப் பேர் செத்திருப்பார்கள்.

மணலில் ஏற்றிக் கிடந்த ஒரு கட்டுமரத்தின் மேல் டிப்டி தாசில்தார் ஏறி நின்றார். பக்கத்தில் ஒருவன் தீவட்டி பிடித்தான்.

"அம்மாமாரே, ஐயாமாரே! வலையை எடுத்தது நான். அதுல ஆமை மாட்டிச் செத்துது. அதைத் திங்கச் சுறா வந்துது. நேத்து ஒண்ணு உள்ளயே வந்துட்டு. தொறந்து வெளிய விட்டோம்."

"இப்ப சுறா இல்லேன்னு சத்தியம் பண்ணுவீரா?" என்று மாமா கத்தினார்.

"மாட்டேன். கடலுக்கு நான் எப்படிச் சத்தியம் பண்ண முடியும்?"

"அப்ப நீரு மொதல்ல எறங்கும், பாப்போம்!"

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. "எறங்கச் சொல்லு, எறங்கச் சொல்லு!" அவர் இறங்கிவிடுவார் என்றே நான் நினைத்தேன். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஒரு உத்தியோகஸ்தரை இப்படிக் கேட்டால் மானத்துக்காகவாவது இறங்குவார். நானாக இருந்தால் இறங்கியிருப்பேன்.

"மாட்டேன்" என்றார் அவர். "இருட்டுல நான் எறங்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு."

கூச்சல் சட்டென்று நின்றுவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. "அன்னா மரத்துல நிக்குதாங்கள்லா, வெளிச்சம் வந்தா அவுகளுக்குத் தண்ணிக்குள்ள தெரியும். இப்ப ஒண்ணும் தெரியாது. தெரியுத நேரம் வந்ததும் மொத ஆளா நான் எறங்குதேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. அதுவரைக்கும் என்கூட இங்கன உக்காந்திருங்க." சொல்லிவிட்டுக் கட்டுமரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமா அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஆளு பொய் சொல்லலைவே. பயம்னு வாய்விட்டுச் சொல்லுத உத்தியோகஸ்தனை நான் இன்னைக்குத்தான் பாக்குதேன். எல்லாரும் உக்காருங்க" என்றார். முக்கூடல் கூட்டம் உட்கார்ந்தது, அதைப் பார்த்து அடுத்த ஊர்க் கூட்டமும் உட்கார்ந்தது. யாரோ பஜனையைத் தொடங்கினார்கள்.

தம்பிகளே, அந்த நேரத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வீம்புக்காக அவர் இருட்டில் இறங்கியிருந்தால் கூட்டம் கைதட்டிவிட்டு அவர் பின்னாலேயே மொத்தமாக இறங்கியிருக்கும். தைரியசாலி என்று பேர் வாங்குவது அவருக்கு அன்றைக்கு ரொம்பச் சுலபம். அந்தச் சுலபத்தை வேண்டாமென்று தள்ளினாரே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

வெயில் வந்தது. கட்டுமரங்களிலிருந்து சரி என்று கை காட்டினார்கள். அவர் சொன்னபடி முதல் ஆளாக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சட்டையோடு இறங்கினார். முதல் அலையே ஆளைப் புரட்டிப் போட்டது. எழுந்து உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு அவர் கும்பிட்டதும் ஜனம் அரோகரா என்று முழங்கிக்கொண்டு இறங்கியது.

உச்சி வெயிலுக்கு முன்னால் ஒரு தடவை சிவப்புத் துணி உயர்ந்தது. மிக்கேல் நின்ற மரத்திலிருந்துதான். ஜனங்கள் மேலே ஏறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று, முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து, "ஏலே, வெரசலா ஏறுலே!" என்று கரையில் தள்ளிக்கொண்டிருந்தார். டிப்டி தாசில்தார் கடைசிக் கிழவி ஏறும்வரை கயிற்றை விடவில்லை. ஒரு செட்டை கட்டுமர வரிசைக்கு அப்பால் நீளமாகப் போய், வடக்கே திரும்பி மறைந்தது. அதைத் தங்கவைக்க அங்கே ஒன்றும் இல்லை. துணி இறங்கியதும் மறுபடி குளித்தார்கள். அன்று ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. சாயங்காலம் கட்டுமரங்கள் கரைக்கு வந்தபோது, அவர் மிக்கேலின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாலை போட்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். பத்து நாளில் விளக்கம் கேட்டு உத்தரவு வந்தது. பாதுகாப்புக்காகப் போட்ட வலையை அனுமதியில்லாமல் அறுத்ததும் எடுத்ததும் ஏன்? யாருக்கும் ஒன்றும் ஆகாததே அவருக்கு வினையாயிற்று. சுறா வலைக்குள் வரவே இல்லை, இவர்தான் பீதியைக் கிளப்பினார் என்றது ஒரு கட்சி. முன்னால் வலை இருந்ததால்தான் சுறா ஓடிப்போயிற்று என்றது இன்னொரு கட்சி. நடந்ததை நடந்தபடி நான் வாக்குமூலம் கொடுத்தேன், அது எடுபடவில்லை. தாசில்தார் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அந்தச் சம்பந்தமும் கை நழுவியது. மேற்கே மலையடிவாரத்துக்கு அவரை மாற்றினார்கள். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு வலை போடலாமா என்று பேச்சு வந்தபோது, என் மாமாவும் இன்னும் பல ஊர்க்காரர்களும் வந்து, கட்டுமரக் காவல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். வலை போடவில்லை.

பல வருஷம் கழித்துப் பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். டிப்டி தாசில்தாராகவே ரிட்டயர் ஆகியிருந்தார். கையில் காய்கறிப் பை. மகளைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குக் கொடுத்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு மனசு தாங்கவில்லை.

"ஐயா, அன்னைக்கு நீங்க மட்டும் பேசாம இருந்திருந்தா தாசில்தாராகி, அதுக்கு மேலயும் போயிருப்பீங்க" என்றேன்.

"அதை விடும். இப்பமும் அங்கன வலை போடுதாங்களா?"

"இல்லை ஐயா. மரக்காவல்தான். நீங்க போன பொறவு ஒருத்தரையும் கடிக்கலை."

"ஆமையெல்லாம்?"

"கரைக்கு வந்து முட்டை போட்டுட்டுப் போகுது."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக ஒரு சிட்டிகை பொடி போட்டார்.

"பொறவென்னவே? நான் தாசில்தாராகலைன்னு யாரு காலு போச்சு?"

சிரித்தது அவர்தான். என்னால் முடியவில்லை. நடுத்தெரு என்றும் பாராமல் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.